திண்டிவனத்து ஃபேமிலி ரூம்

மரக்காணம் உப்பளத்தில் நான் வேலை பார்த்த ஒரு கோடையில் அக்கா வீட்டுக்காரர் என்னைத் தேடி ஆள் அனுப்பினார். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, குடும்பத்தோடு மெட்ராஸ் போய் ராட்டினப் பூங்கா பார்க்கப் போகிறோம், நீயும் வா என்று சேதி. என்னைத்தான் கூப்பிட்டாரா என்று வந்தவனிடம் இரண்டாம் தடவை கேட்டேன்.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. அவர் விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், வேர்க்கடலை மொத்த வியாபாரம். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன். பிறகு போர்வெல் வண்டியோடு ஆந்திரா, மராட்டியம் என்று சுற்றினேன். பம்பாயில் ஒரு ஓட்டலில் சப்ளையராக இருந்தபோது மஞ்சள்காமாலை வந்து ஊர் திரும்பினேன். அதன் பிறகுதான் உப்பு. உப்பளத்தில் காலில் புண் வந்தால் ஆறாது, அதற்காக யாரும் வேலையை நிறுத்துவதும் இல்லை. அக்கா வீட்டுக்கு எப்போது போனாலும் மூன்றாம் நாள் காலையில் அவர், "மச்சான், லாரி எப்போ கெளம்புது?" என்று கேட்பார். என்னிடம் லாரி எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஆனாலும் போனேன். அக்கா பிள்ளைகள் இருவரையும் எனக்குப் பிடிக்கும். மூத்தவள் பெண், ஒன்பதாம் வகுப்பு எழுதியிருந்தாள், பதினைந்து வயது. அவளுக்கு இரண்டு வயது இளையவன் தம்பி. அவன் வாய் சும்மா இருக்காது.

எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. மெட்ராசுக்கு வெளியே கடலோரத்தில் புதிதாக வந்த பூங்காவைப் பற்றித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனதும் தம்பி ஒவ்வொரு ராட்டினமாக ஓடினான். அக்கா மட்டும் தலைசுற்றும் என்று ஒரு மரத்தடியை விட்டு நகரவில்லை. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சோளாபூரி போட்டுக்கொண்டிருந்தார்கள். பூரி ஒவ்வொன்றும் பந்து மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் இருவரும் கடைமுன்னால் நின்றுவிட்டார்கள்.

"இங்க வேணாம்" என்றார் அக்கா வீட்டுக்காரர். "திண்டிவனத்துல நல்ல ஓட்டல் இருக்குது. திரும்பும்போது அங்க ஒக்காந்து சாப்டலாம்."

"எப்பா, நாம மெட்ராஸ் பாக்க வந்தமா, திண்டிவனம் பாக்க வந்தமா?" என்றான் பையன்.

"வாய மூடுடா."

மதியத்துக்கு அக்கா தூக்குவாளியில் கொண்டுவந்த புளிசோறுதான். பையன் அதைத் தின்றுகொண்டே, "திண்டிவனத்து ஓட்டல்ல ராட்டினம் கூட இருக்கும்போல" என்றான். பெண் சிரித்தாள். எதிர்க் கடையிலிருந்து எண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள். ஓட்டலில் சாப்பிட வயிற்றில் இடம் வேண்டும் என்பது அவள் கணக்கு.

பிற்பகலில் பெரிய ராட்டினத்தில் அவளோடு நான் ஏறினேன். உச்சியில் போய் நின்றபோது கடல் முழுசாகத் தெரிந்தது. பயத்தை மறைக்கத்தான் அவள் பேச ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். டென்த் முடித்ததும் டைப் கிளாஸ் சேரவேண்டும், பிறகு ஏதாவது ஓர் ஆபீசில் வேலை. விழுப்புரத்திலேயே ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கிறதாம். ஜன்னல் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நிற்பாளாம்.

"என் கிளாஸ்ல ரெண்டு பேருக்கு லீவுல கல்யாணம் மாமா. ஸ்கூல் தொறந்தா வரமாட்டாங்க" என்றாள். "எனுக்குக் கூட எங்கப்பா பேசிடுவாரோன்னு இருக்குது."

"உங்கப்பா அப்படி எதனா சொன்னாரா?"

"இல்ல. சொல்லாமதான் செய்வாரு."

ராட்டினம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டியதும் அக்கா வீட்டுக்காரர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை போட்டார். அவர் என் தோளில் கை போட்டது அதுதான் முதல் தடவை.

"மச்சான், திண்டிவனத்துல நம்ம ஆளுங்க கொஞ்சம் பேரு வருவாங்க. ரைஸ்மில் வச்சிருக்கிறவங்க. பையனும், அவனோட அம்மாவும் சித்தப்பாவும். பொண்ணுகிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாத. சும்மா எதேச்சையாப் பாத்த மாதிரி இருக்கட்டும்."

"அது டென்த் படிக்கணும்னு சொல்லுது, மாமா."

"படிச்சி கலெக்டராவப் போவுதா? நீ ஒண்ணும் பேச வேணாம். தாய்மாமன் கூட இருந்தா அவங்களுக்கு ஒரு தைரியம். கேட்டா சரின்னு சொல்லு, போதும்."

என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் அக்கா மகள் மேல் முதல் உரிமை அவளுடைய தாய்மாமனுக்கு. கல்யாணமாகாத தாய்மாமன் ஒருவன் இருக்கும்போது வெளியிலிருந்து வருகிறவர்கள் அவனைக் கேட்காமல் கை நனைக்க மாட்டார்கள். நாளைக்கு அவன் வந்து பந்தலில் நின்று தகராறு செய்தால் அவமானம். நாடோடியாக இருந்தாலும் நான் தாய்மாமன். அந்த ஒரு வார்த்தை வாங்கத்தான் ராட்டினம், கடல், எல்லாம்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா நேராகப் பூக்காரியிடம் போனாள். மகள் தலையை அவிழ்த்து, சீப்பால் மணலைத் தட்டி, இழுத்துப் பின்னி, கதம்பமும் மல்லியும் சேர்த்து வைத்தாள். பையிலிருந்து புதுத் தாவணி வந்தது.

"மெட்ராசுக்குப் பழசு, திண்டிவனத்துக்குப் புதுசா?" என்றான் தம்பி. "யாரு பாக்கப் போறாங்க?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பஸ்களின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓட்டலில் பொது ஹாலைத் தாண்டி உள்ளே ஃபேமிலி ரூம். பாதிக் கதவு, சீலிங் ஃபேன், நான்கைந்து மேசை. மூலை மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். முன்னால் இருந்த டம்ளர்களில் காபி நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. சப்ளையர் வேலை பார்த்தவனுக்கு அதைப் பார்த்தாலே போதும், வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அடடே, மண்டிக்காரரு. எங்க இப்படி?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"பசங்கள மெட்ராஸ் கூட்டிக்கினு போய் வர்றோம்" என்றார் அக்கா வீட்டுக்காரர். "வாங்க, ஒண்ணாவே ஒக்காரலாம்."

மேசைகளை ஒட்டிப் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு என் வயசு இருக்கும், இல்லை ஒன்றிரண்டு கூட. அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. தலையைக் குனிந்தே இருந்தான். என் அக்கா மகன் தண்ணீர் தேடியபோது ஜக்கை எடுத்து அவனே ஊற்றினான்.

சப்ளையர் வந்தான். "எனுக்கு சோளாபூரி" என்றான் தம்பி முந்திக்கொண்டு.

"எனுக்கும்" என்றாள் அவள்.

அக்கா சப்ளையரிடம், "அதுக்கு ரெண்டு இட்லி போதும்" என்றாள். சோளாபூரி இரண்டு கையாலும் பிய்த்துத் தின்கிற பண்டம். மாமியார் ஆகப் போகிறவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அது ஆகாது என்று அக்கா நினைத்தாள்.

பூரி உப்பிக்கொண்டு வந்தது. தம்பி விரலால் குத்தி ஆவி விட்டுவிட்டு ஒரு பெரிய துண்டைத் தன் அக்காள் இலையில் போட்டான். அம்மா மேசைக்குக் கீழே அவன் தொடையைக் கிள்ளியிருக்க வேண்டும், ஸ் என்றான். அவள் அந்தத் துண்டைத் தொடவில்லை. இட்லியையும் தொடவில்லை. எதிரில் இருந்த அம்மாள் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா படிக்கிற?"

"டென்த் போவப் போறங்க."

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சா சரி. எங்க வூட்ல எல்லாம் எட்டோட நிறுத்திட்டோம், யாரும் கெட்டுப் போவல" என்றாள் அந்த அம்மாள். நல்ல விதமாகத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டு.

பெண் எழுந்து கை கழுவப் போனாள். கழுவ ஒன்றும் இல்லாத கை. நானும் பின்னால் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்னைப் பாக்கத்தானே வந்திருக்காங்க?"

"ஆமா."

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பஸ்ல வரும்போது சொன்னாரு."

"எதனா சொல்லு மாமா. எனுக்குப் பேச வராது. அழுகதான் வரும்."

"நான் சொன்னா யாரு கேப்பாங்க?"

அவள் குழாயை மூடினாள். உள்ளே போய் உட்கார்ந்தாள்.

நான் என் இடத்துக்கு வந்ததும் சித்தப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். முறையாகக் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"தாய்மாமன் நீங்க இருக்கீங்க. உங்க பக்கம் ஒண்ணும் இல்லீங்களே?"

இல்லீங்க, சந்தோசம் என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் எனக்கு நெய் ரோஸ்ட் வந்திருந்தது. சின்னப் பொண்ணு, படிக்கட்டும் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் சிரிப்பார்கள், அக்கா வீட்டுக்காரர் பேச்சை மாற்றிவிடுவார், அடுத்த வாரம் தட்டு மாற்றுவார்கள். எட்டாவது தாண்டாதவன் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு அந்த மேசையில் மதிப்பு இல்லை. மதிப்புள்ள வார்த்தை என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

"இருக்குதுங்க" என்றேன். "நான் இன்னும் விட்டுக் குடுக்கல. பொண்ணு எனக்குள்ளது."

மாப்பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சித்தப்பா கோபப்படவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"உள்ளுக்குள்ள பேசி முடிச்சிக்கினு எங்களைக் கூப்பிட்டிருக்கலாம், மண்டிக்காரரே" என்றார். மூன்று பேரும் பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள்.

அக்கா வீட்டுக்காரர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கை கழுவி, பில் கொடுத்து, வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாகத் திரும்பினார்.

"நாலு பேரு முன்னாடி சொல்லிட்ட. இனிமே வேற எவன் வருவான்? அதனால வர்ற தையில நீயே தாலி கட்டு. மண்டியில ஒக்காரு. லாரி, உப்பு எல்லாம் போதும்."

நான் ஒரு வருஷம் தள்ளிப்போடத்தான் நினைத்தேன். என் வார்த்தையை அவர் உண்மையென்று எடுத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. அதைவிட மோசம், அக்கா அழுதாள். சந்தோஷத்தில். "என் தம்பி ஒரு எடத்துல நிப்பான்னு நான் கனவுலகூட நெனைக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை உதறிவிட்டு, சும்மா சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சித்தப்பாவைத் தேடி அக்கா வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடியிருப்பார்.

பெண் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். விழுப்புரம் பஸ்ஸில் தம்பியை என் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் முன்சீட்டில் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காலையில் போகும்போது என் மடியில் தலைவைத்துத் தூங்கியவள்.

கிழவி பேரணி கூட்ரோட்டில் இறங்கியதும் நான் எழுந்து போய் அவள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காரவில்லை. அவள் ஜன்னலோரமாக நகர்ந்து தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நெஜமாவே கட்டிக்கப் போறியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற எது சொன்னாலும் அவங்க எழுந்திருக்க மாட்டாங்க."

"அம்மா தையிலன்னு சொல்லிக்கினு வருது."

"கேட்டுது."

"நீ வாணாம்னு சொன்னா ரைஸ்மில்காரங்க வருவாங்க. சரின்னு சொன்னா நீ" என்றாள். குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நான் ரெண்டும் சொல்ல மாட்டேன்" என்றேன். "விட்டுட்டேன்னும் சொல்ல மாட்டேன், வந்து நிக்கவும் மாட்டேன். நான் வர்ற வரைக்கும் உன்னை வேற எங்கயும் பேச முடியாது."

"எத்தினி நாளு?"

"டைப் பாஸ் பண்ற வரைக்கும்."

"பொங்கலுக்கு அம்மா ஆள் அனுப்பும். நீ வந்துடுவ. எப்பவும் வந்துடுவ."

அது உண்மை. எந்த ஊரில் இருந்தாலும் பொங்கலுக்கு அக்கா கையால் ஒருவேளை சாப்பிட வந்துவிடுவேன். எனக்கு வீடு என்று இருந்தது அது ஒன்றுதான்.

"வராத மாமா" என்றாள் அவள்.

விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது இறங்கினேன். தம்பி ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, ஜல்தி வா, வண்டி எடுத்துடுவான்" என்றான். நான் கையை ஆட்டினேன். பஸ் புறப்பட்டதும் ரோட்டைக் கடந்து, வடக்கே போகும் லாரிகள் நிற்கும் டீக்கடைக்குப் போனேன். முதல் டிரைவர் கிளீனர் வேண்டாம் என்றான். அடுத்தவன் ஏறிக்கொள்ளச் சொன்னான்.

அந்தப் பொங்கலுக்கு நான் நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டிருந்தேன். மறு பொங்கலுக்கும் ஊர்ப்பக்கம் போகவில்லை. எங்கள் பக்கத்து டிரைவர் ஒருவன், உன் அக்கா உன்னைப் பற்றி எல்லா லாரி ஆபீசிலும் விசாரிக்கிறது, அழுகிறது என்றான். பொண்ணு என்ன செய்கிறது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலத்தில் ஸ்டேஷன் பக்கம் அவளை யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன், இன்ஸ்டிட்யூட் அங்கேதான். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.