தேதி தாண்டிய சமத்து

தைவானின் தாய்ச்சுங் நகரில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் எந்திரத்தின் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். உள்ளே தேங்காய் வாசனை அடிக்கும் சோளப் பொரி. அதன் பெயருக்கே 'சமத்து' என்றுதான் அர்த்தம். பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. அப்போதுதான் எந்திரம் சமத்தாக ஓடும் என்பது அங்கே நம்பிக்கை. வெட்டுக்கருவியைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலை வடிவமைக்கும் கெ யூ-ஃபென்னுக்கு இதைக் கண்டாலே எரிச்சல். பொட்டலம் வாங்கி வைக்கும் ஃபிட்டர் ஆ-ஹோங்கை, "பேரிங்குக்கும் ரெண்டு ஊட்டிவிடுங்கண்ணே" என்று சீண்டாமல் அந்தப் பக்கம் போக மாட்டாள்.

அன்று அந்த வாய் அடைத்துப் போயிருந்தது. உலோகம் வெட்டும் ஐந்து அச்சு எந்திரத்துக்காக அவள் வடிவமைத்த ஸ்பிண்டிலுக்கு முதல் முழு ஓட்டம், நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று. பேரிங்கை இறுக்கிப் பிடிக்காவிட்டால் வெட்டும் தலை சாயும்போது வெட்டு அதிரும் என்பது அவள் கட்சி. இறுக்கினால் சூடேறிக் கருகும் என்பது முதலாளி லியாவின் கட்சி. கருகினால் வடிவமைப்புப் பிரிவையே மூடிவிட்டு வெளியில் ஸ்பிண்டில் வாங்கிக்கொள்வேன் என்று அவர் சொல்லியாகிவிட்டது.

சத்தம் என்னவோ சீராகத்தான் இருந்தது. சூடுதான் நிற்காமல் ஏறியது. ஐம்பது டிகிரி, ஐம்பத்தைந்து, அறுபது. யூ-ஃபென் கணக்கை மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், தப்பு பிடிபடவில்லை.

"இறுக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்றார் லியாவ். அவர் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

எண்ணெய்க் குழாயில் கை பட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்பிண்டிலைக் குளிர்விக்க வரும் எண்ணெயே சூடாக வந்துகொண்டிருந்தது. எந்திரத்தின் பின்பக்கம் ஓடினாள். எண்ணெயைக் குளிரவைக்கும் பெட்டியின் காற்று வலையில், விசிறி இழுத்த இழுப்பில், ஒரு பெரிய பச்சைப் பொட்டலம் அப்பிக் கிடந்தது. பிய்த்து எடுத்தாள். ஏறிய சூடு நின்றது, தயங்கியது, மெல்ல இறங்கி நாற்பத்து நான்கில் நிலைத்தது.

லியாவின் கோபம் நேரே ஆ-ஹோங் மீது பாய்ந்தது. கண்ட இடத்தில் பொரியை அடைக்கிற ஆள் இனி பட்டறைக்கே வர வேண்டாம் என்று கத்தினார். ஆ-ஹோங் திருதிருவென்று விழித்தார். தன் பொட்டலம் எந்திரத்தின் தலையில் பத்திரமாக இருப்பதை விரலால் காட்டினார்; லியாவ் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

யூ-ஃபென் சும்மா இருந்தால் போதும். ஸ்பிண்டில் பிழைத்துவிட்டது, மானமும் பிழைத்துவிடும். அவளால் முடியவில்லை.

"அவர் இல்ல முதலாளி. நான்தான் எந்திரத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சேன். காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி. பயமா இருந்துச்சு."

பட்டறையே திரும்பி அவளைப் பார்த்தது. லியாவ் பொட்டலத்தை வாங்கிப் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"தேதியப் பாத்தியா? போன மாசமே முடிஞ்சுபோச்சு. அப்புறம் எப்படிச் சமத்தா ஓடும்?"

ஆ-ஹோங் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது. யூ-ஃபென்னுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. லியாவ் ஸ்பிண்டில் பக்கம் ஒருமுறை காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பேரிங் இறுக்கம் அப்படியே இருக்கட்டும்," என்றார். "பொட்டலத்த மாத்து."