வெட்டி எறிந்த மழை மாதங்கள்

நாற்பத்தெட்டு வயதில், இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டே, முதுமாணிப் பட்டத்துக்காக நம் பால்வீதியைச் சூழ்ந்திருக்கும் இருண்ட பொருளைத் தேடப் புறப்பட்டேன். சொந்த மூக்குக்கண்ணாடியைத் தேடத் தெரியாதவன் என்றாள் மனைவி. மறுக்க முடியவில்லை.

தேடும் முறை இதுதான். தூரத்து விண்மீனுக்கும் நமக்கும் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்று போனால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்துக் குவிக்கும். விண்மீன் சில வாரங்கள் பிரகாசித்துப் பிறகு பழைய நிலைக்கு வரும். ஒரே தடவைதான். மறுபடி பிரகாசித்தால் அது தானாகவே கூடிக் குறைகிற விண்மீன். குறுக்கே எதுவும் போகவில்லை என்று பொருள்.

தென் அமெரிக்கத் தொலைநோக்கி ஒன்று பல வருடம் எடுத்த அளவுகளை இணையத்திலிருந்து இறக்கிச் சலித்தேன். ஒரே ஒரு விண்மீன் சிக்கியது. ஒரு நவம்பரில் அழகாக ஏறி, ஜனவரியில் இறங்கியிருந்தது. ஆய்வேடே அதன்மேல்தான் நின்றது. மனைவியிடம் சொன்னேன், மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே நிறுத்தினார்.

“சேர், இருட்டுச் சாமான் ஒன்னப் புடிச்சிட்டீங்களாமே! கடிக்குமா?”

“கடிக்காது. என் சம்பளத்தத்தான் தின்னும்.”

ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு வாரம் இருந்தது. ஏற்கெனவே கேட்டு வாங்கிய கடைசித் தவணை அது. வீடியோ அழைப்பில் என் மேற்பார்வையாளர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு வருஷமும் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் புள்ளியே இல்லையே, ஏன்?”

“மழைக்காலந்தானே மேடம். மேகம். வானம் தெரியாது.”

“யாருக்குத் தெரியாது?”

அப்போதுதான் உறைத்தது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், துவைத்த துணி அடுப்புக்கு மேல் தொங்க, அந்த மூன்று மாதங்களையும் உதவாத அளவுகள் என்று கணினியில் வெட்டிவிட்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. எங்களுக்கு அந்த மாதங்களில் எதிர்மலையே தெரியாது. தொலைநோக்கியோ மழையையே காணாத பாலைவனத்தில் நிற்கிறது.

“நெட்வொர்க் சரியில்ல மேடம்” என்று சொல்லி, தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த அழைப்பைத் துண்டித்தேன். தண்ணீர் குடித்தேன். மனைவியின் தேநீரையும் குடித்தேன்.

“என்னங்க, பிரஷர் குளிச போட்டீங்களா?”

“ரெண்டாப் போடவா?”

“மூஞ்சப் பாத்தா சிரிப்பு வரல. என்னாச்சு?”

வெட்டிய மாதங்களைத் திரும்பச் சேர்த்துக் கணினியை ஓடவிட்டேன். அது யோசித்த நேரத்தில் மாரியம்மனைக் கும்பிட்டேன். தேவாலயத்து மாதாவையும் விடவில்லை. படம் வந்தது. நவம்பர் மேட்டுக்கு முந்திய ஜூலையில் ஒரு மேடு. இரண்டு வருடம் கழித்து ஓர் ஆகஸ்டில் இன்னொன்று. விண்மீன் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி அழைத்தேன். சமாளிக்கத் தயாரித்திருந்த இரண்டு நகைச்சுவைகளையும் விட்டுவிட்டேன்.

“அது இல்ல மேடம். எங்கிட்ட இப்ப ஒன்னுமே இல்ல.”

“ஒன்னுமே இல்லங்கிறதும் முடிவுதான். இருட்டுப் பொருள் இந்த மாதிரி இல்லைன்னு எழுதலாம். ஆனா முழுசாத் தேடியிருக்கணும். எத்தனை விண்மீன்ல இந்த மாசங்கள வெட்டினீங்க?”

“எல்லாத்துலயும், மேடம்.”

திரையில் அவர் அசையவில்லை. இணைப்பு உண்மையிலேயே போய்விட்டதாக ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப இந்த வாரம் குடுக்க ஏலாது” என்றார்.