கெமிஸ்ட்டு அக்காவின் கணக்கு

தெருவில் யார் சட்டையில் கறை பட்டாலும் நேராக அவளிடம்தான் வருவார்கள். "கெமிஸ்ட்டு, இது போகுமா?" என்று நடுவழியிலேயே மறித்து விரித்துக் காட்டுவார்கள். மூன்று வருஷம் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவளுக்குத் தெரு கொடுத்த மரியாதை அது! அவளும் முகம் சுளிக்காமல் வழி சொல்லி அனுப்புவாள். அந்தப் படிப்பால் நாலு பேருக்கு உபயோகம் என்று பார்த்தால், உண்மையில் அது ஒன்றுதான்.

வேலை, தரை துடைக்கும் திரவம் தயாரிக்கிற தொழிற்சாலையில். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு குப்பி எடுத்து வந்து சோதித்து, அவள் சரி என்று சொன்னால்தான் சரக்கு வெளியே போகும். கேட்பதற்கு என்னமோ பெரிய அதிகாரம் மாதிரி இருக்கும். வெள்ளைக் கோட்டு வேறு. ஆனால் கோட்டு போட்டவர்கள் எல்லாம் 'ஸ்டாஃப்'. ஸ்டாஃபுக்கு ஓவர்டைம் கிடையாது. பாட்டிலுக்கு மூடி போடுகிறவர்கள் கூடுதல் நேரம் நின்றால் காசு உண்டு. அவள் நின்றால் "பொறுப்பான பொண்ணு" என்ற பேர் உண்டு. பேரை வைத்து என்ன செய்வதாம்? மாதக் கடைசியில் மூடி போடுகிறவர்கள் அவளைவிட அதிகமாகவே வாங்கிக்கொண்டு போவார்கள். சம்பளத்தை உயர்த்தச் சொல்லி ஒருமுறை மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "உங்க படிப்புக்கு வெளிய எத்தனை பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க, தெரியுமாம்மா?" என்று அவர் சிரித்த முகமாகவே கேட்டார். அவள் தன் குப்பிகளிடமே திரும்பிப் போனாள்.

அவளைப் படிக்க வைக்க அப்பா தன் சரக்கு வண்டியை விற்றார். சொந்த வண்டி ஓட்டியவர் இன்று அடுத்தவர் வண்டிக்குக் கூலி டிரைவர். அதைத் திரும்ப வாங்கித் தர வேண்டும் என்று வேலையில் சேர்ந்த நாள் முதல் அவளுக்கு ஆசை. பஸ், மளிகை, அம்மாவின் மருந்து எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துக் கணக்குப் போட்டாள். பதினோரு வருஷம் என்று வந்தது. அதன்பிறகு கணக்குப் போடுவதையே விட்டுவிட்டாள்.

இந்த லட்சணத்தில் தங்கை பள்ளிப் படிப்பை முடித்தாள். எடுத்த எடுப்பிலேயே, "நானும் கெமிஸ்ட்ரிதான்" என்றாள்.

அக்கா கெஞ்சிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். "வேற எதாவது எடுடி. நர்சிங் எடேன்." தங்கை காதில் போட்டுக்கொண்டால்தானே! சரி, நேரில் பார்த்தாலாவது புத்தி வரட்டும் என்று ஒரு சனிக்கிழமை மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கே கூட்டிப் போனாள். அதுதான் அவள் செய்த மடத்தனம். ஓடாத மின்விசிறி, கால் ஆடும் ஸ்டூல், மூக்கை அரிக்கும் நெடி, எதுவுமே தங்கையின் கண்ணில் படவில்லை. அக்கா குடுவையில் சொட்டுச் சொட்டாக விட, தண்ணீர் போல இருந்தது கடைசிச் சொட்டில் குப்பென்று ரோஜா நிறமானதுதான் பட்டது. "ஐயோ அக்கா! இன்னொரு தடவை!" என்று குதித்தாள். என்னத்தைச் சொல்ல, அக்காவுக்குமே அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நிறத்தில் மயங்கித்தானே அவளும் இந்தப் படிப்பில் போய் விழுந்தாள்! இன்னொரு தடவையும் செய்து காட்டினாள்.

மறுநாள் காலை அப்பா அவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். தங்கை சமையலறை வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ட அடமானம் வச்சாத்தான் ஃபீஸ் கட்ட முடியும். அந்தப் படிப்பப் படிச்சவ நீ. நீயே சொல்லும்மா, போட்ட காசு கைக்கு வருமா?"

"வேண்டாம்ப்பா. கட்டுற ஃபீஸுக்கு ஏத்த சம்பளம் வராது."

அப்பா அவள் பக்கம் குனிந்தார்.

"அப்போ நான் வண்டிய வித்தது தப்புங்கிறியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் வெடுக்கென்று பதில் சொல்லியிருப்பாள். அவரோ பயந்துபோய்க் கேட்டார். அடுத்தவர் வண்டியில் ஏறி உட்காரும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. ஆமாம் என்று சொல்ல எந்த மகளுக்கு வாய் வரும்?

"ஐயோ, அப்படி இல்லப்பா!"

"இல்லைல்ல? பின்ன என்ன!" அவர் முகம் பளிச்சென்று தெளிந்துவிட்டது. "உன்னப் படிக்க வச்சது தப்பில்லன்னா, இவளப் படிக்க வைக்கிறது மட்டும் எப்படித் தப்பாகும்?"

தங்கை ஓடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான்தான் சொன்னேனே, அக்காக்காரி குறுக்க நிக்க மாட்டான்னு" என்றாள் அம்மா உள்ளிருந்து. எந்த இடத்தில் வாயைத் திறந்து இதை நிறுத்தலாம் என்று அக்கா பார்த்தாள். ஒருவர்கூட இடம் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவோடு கடன் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி வீட்டுப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "பத்திரம் சரியா இருக்கு. ஆனா மாசச் சம்பளம் வாங்குறவங்க ஒருத்தர் ஜாமீன் போடணும். உங்களுக்கு வர்றது கூலி, அது செல்லாது" என்றார்.

"என் பெரிய பொண்ணு இருக்காளே சார்! கெமிஸ்ட்டா வேலை பாக்குறா!" அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

அதிகாரி அவளுடைய சம்பளச் சீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மட்டும் நீட்டினார். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

"நீ இருக்கிற தைரியத்துலதாம்மா இதுல இறங்குறேன்" என்றார் அப்பா, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவள் பேனாவை வாங்கி, அதிகாரி காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.