ஜமால் பாய் வெளியே போன பிறகு

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் வகுப்பில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. எழுத வருகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். மார்க்கெட் களத்துக் கூடைப்பந்து டீமில் ஆடியவர்களும், நின்று பார்த்தவர்களும் படிப்பதற்காக இதை மெதுவாக எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் டீ குடிக்கப் போனேன். பள்ளிவாசல் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. இப்போதெல்லாம் எந்தப் பலகையைக் கண்டாலும் படித்துவிட்டுத்தான் நகர்வேன். அன்றும் ஆசையாக ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். இரும்புக்கடை ஜமால் மவுத் என்று இருந்தது, இறந்துவிட்டார் என்று அர்த்தம். தப்பாகப் படித்திருப்பேன் என்று மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். அப்போதும் அதேதான் வந்தது. பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "ஆமாங்க, விடியக்காலைல" என்றார்.

ஜமால் பாய் திருச்சிக்குக் காலேஜ் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டு ஒரு கூடைப்பந்தோடு திரும்பி வந்தவர். அவர் குடும்பத்துக் கடையிலேயே கம்பியை வளைத்து வளையம் செய்தார். நாங்கள் மூட்டை தூக்கிய களத்தின் வடக்கு ஓரத்தில் கம்பம் நட்டோம். களத்தின் மறுபாதியில் எப்போதும் நெல்லோ மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ காய்ந்துகொண்டிருக்கும். அதனால் எங்களுக்கு ஒரே கம்பம், ஒரே கூடை. வடக்கே பார்த்து ஆடியே பழகினோம்.

வெளியூர் ஆட்டத்தில் இரண்டு கூடை இருக்கும், பாதியில் பக்கம் மாறும். அதைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதில்லை. பாய் ஓடுகிற பக்கம் ஓடுவோம், பந்து கிடைத்தால் அவரிடம் கொடுப்போம், அவர் போடுவார். கச்சிராயபாளையத்தில் ஒரு தடவை அவர் காய்ச்சலில் வரவில்லை. அவர் வழக்கமாக நிற்கிற மூலைக்கே எல்லாரும் பந்தை எறிந்தோம். அங்கே ஆள் இல்லை. பந்து கரும்புத் தோட்டத்துக்குள் போய்ப் போய் விழுந்தது. "யாருக்குப்பா போட்டுகினு கீறீங்க, கரும்புக்கா?" என்று ஊரே சிரித்தது.

களத்து மேலாளருக்கும் சேதி போய்விட்டது. "இது ஒத்த ஆள் டீமுப்பா. பாய் கல்யாணம் கட்டிக்கினு கடையில குந்தட்டும், மறுநாளே கம்பத்தப் புடுங்கிடுவேன். லாரி திருப்ப எடம் வேணும்" என்றார். அந்த மாசமே பாய்க்கு நிக்காஹ் பேசிவிட்டார்கள். அவருடைய அத்தா, "சேலம் மேட்சோட பந்தத் தூக்கி வெச்சுடு" என்று சொல்லிவிட்டார். பாயும் சரி என்றுவிட்டார். ஆனால் சேலம் போவதற்காகச் சின்னசேலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது என் தோளில் கை போட்டு, "கோயிந்தா, நான் போனா போறேன். கம்பம் நிக்கணும்பா" என்றார்.

சேலத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைச் சேலத்துக்காரர்களே எழுந்து நின்று பார்த்தார்கள். ஆனால் கடைசி ஆட்டம் என்கிற வேகத்தில் ஆட்களை இடித்துக்கொண்டே இருந்தார். பக்கம் மாறிய கொஞ்ச நேரத்தில் அஞ்சாவது ஃபவுல். அஞ்சு ஆனால் வெளியே போய்விட வேண்டும். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த பந்து வேலனுக்குக் கிடைத்தது. வெள்ளிமலையிலிருந்து இறங்கிவந்து எங்களோடு மூட்டை தூக்கியவன். ஒருத்தரும் அவனைத் தடுக்கவில்லை. தனியாக ஓடி, அழகாக எம்பிப் போட்டான், வடக்குக் கூடையில். பாதிக்குப் பிறகு அது எதிராளி போட வேண்டிய கூடை. புள்ளி அவர்களுக்குப் போயிற்று. வேலன் கையைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தான். நாங்களும் கை தட்டினோம்!

பாய் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். சுற்றிக்கொண்டு ஓடி, தெற்குக் கூடைக்குப் பின்னால் போய் நின்றார். "டேய், நான் இங்க கீறேண்டா! என்னாண்ட எறிங்கடா!"

நடுவர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். "யோவ், உனக்குத்தான் ஆட்டம் முடிஞ்சிருச்சுல்ல? பெஞ்சுல உக்காரு."

"நான் ஆடலீங்க சார். சும்மா நிக்கிறேன்."

வேலிக்கு வெளியே துரத்தினார். பாய் வெளியே போய், கூடைக்கு நேர் பின்னால் ஜனங்களோடு நின்றார். நாங்கள் அவருக்கே எறிந்தோம், நடுவில் கூடை இருந்தது. சில பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது, சிலது விழுந்தது. எதிராளி விடவில்லை. கடைசியில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து என் கையில். நிமிர்ந்து பார்த்தால் பாயைக் காணோம்! வேலிக்கு அந்தப் பக்கம் யார் யாரோ முகம். வேறு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கூடையைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அதைச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். போட்டேன். விழுந்தது. விசில்.

வேலிக்கு வெளியே ஓடிப்போய், ஜனங்களுக்கு நடுவில் அவரைப் பிடித்து உலுக்கினேன். "எங்க பாய் போய்ட்டீங்க?"

"எங்கயும் போவல. குந்திக்கினேன்."

"இன்னாத்துக்கு?"

"எவ்ளோ நாளைக்குடா என் மூஞ்சியவே பாத்துகினு இருப்ப?"

மறுநாள் மேலாளரிடம் அவரே போய்ச் சொன்னார்: "நான் வெளிய போனப்புறம்தான் சார் ஜெயிச்சானுங்க." வாய் நிறையச் சிரிப்பு. கம்பத்தில் யாரும் கை வைக்கவில்லை. நிக்காஹ் முடிந்து கடையில் உட்கார்ந்தார். கடை சாத்தியதும் களத்துக்கு வருவார், பார்ப்பார், பந்தைத் தொட மாட்டார். எறிந்துகொடுக்கச் சொன்னாலும், "நீயே வந்து எட்த்துக்கோ" என்பார்.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் களத்துக்குப் போனேன். இப்போது அங்கே ஆடுவது பெண்பிள்ளைகள். அவருக்கு மரியாதையாகப் பந்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றிருந்தார்கள். "இன்னிக்கு வாணாம் தாத்தா" என்றாள் கேப்டன்.

"ஆடுங்கம்மா. அவரு இல்லாமயும் ஆடணும்னுதான் அவரு ஆசப்பட்டாரு" என்றேன்.

தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டையும் சிரிப்பும் வந்துவிட்டது. இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, வேலிப் பக்கம் பார்த்து அவரைக் காணாமல் திகைத்த அந்த ஒரு நொடி. அது அவர் எனக்காக ஒளிந்துகொண்ட நொடி. தன் அத்தா நோன்பு வைத்துக்கொண்டு ஆடிய இன்னொரு மேட்சைப் பற்றித் தனக்கு யாரும் சொன்னதில்லை என்று அவர் மகள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடுத்த வாரம் உட்கார்ந்து அதை எழுதிவிடுகிறேன், நானே வீட்டுக்குக் கொண்டுபோய் அவளுக்குப் படித்தும் காட்டுகிறேன்.