கடைசல் மிஷினுக்கு எது நெற்றி?

ஐம்பதுகளில் ஓசூர், சேலம் ஜில்லாவில் இருந்தது. தொழிற்சாலை என்று சொல்ல ஊரில் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு மிஷின் இருந்தது. ஊருக்கே போதுமான சத்தத்தை அது போட்டது.

என் கணவர் பெங்களூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த மரம் கடையும் சீமை மிஷினைப் பார்த்து மயங்கிவிட்டார். காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் கட்டை சுற்றும், உளியைக் காட்டினால் கட்டில் கால் வந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி. இதற்காக மனுஷன் இருந்த குமாஸ்தா வேலையை விட்டார். மாட்டுவண்டியில் ஏற்றி, ஜூஜுவாடி வழியாகக் கொண்டுவந்து, நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டில் இறக்கினார்.

முன்கட்டில் வீட்டுக்காரம்மா. கன்னடம் பேசுகிற வீடு. எங்களோடு பேசும்போது தமிழும் கன்னடமும் கலந்து வரும். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தமிழ். வீட்டுக்குள் வருகிற இரும்புச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடக்கூடாது என்பது அந்த அம்மாவின் கொள்கை. செவ்வாய், வெள்ளி தவறாமல் தாம்பாளத்தோடு பின்கட்டுக்கு வந்துவிடுவார். மிஷினின் தலைமேல் விரல் நுனி அளவுக்கு ஒரு குழி உண்டு. அதில் மஞ்சளைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்து அழுத்தி, கற்பூரம் காட்டுவார்.

"பாரம்மா, பொட்டு வெக்கறதுக்குன்னே வெள்ளைக்காரன் குழி விட்டிருக்கான். அவனுக்கும் பக்தி இருக்குது" என்பார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

வந்த புதிதில் சாதுவாக ஓடிய மிஷின், கொஞ்ச நாளிலேயே கத்த ஆரம்பித்தது. கத்தல் என்றால் சும்மா இல்லை. பல் கூசும், முதுகு சிலிர்க்கும், அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. சானமாவு காட்டுப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்த ஒருவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "எங்க பக்கத்து யானைங்களே தேவலைம்மா" என்று சொல்லிப் போனார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

இவர் வைத்தியத்தில் இறங்கினார். தோல்வாரை மாற்றினார். கால்களுக்கு அடியில் கோணிச்சாக்கு மடித்து வைத்தார். அது போதாதென்று பக்கத்து வீட்டு ரெட்டியார், மிஷின் தெற்கே பார்த்து நிற்பதால்தான் அழுகிறது என்றார். நாலு பேரைக் கூப்பிட்டு வடக்கே திருப்பினோம். வடக்கே பார்த்துக்கொண்டு கத்தியது.

"எண்ணெய் விட்டீங்களா?" என்றேன்.

"தினம் விடறேனே. அந்தக் குழியிலதான் விடணும். விட்டா உள்ள இறங்கவே மாட்டேங்குது, அப்படியே மேல நிக்குது. வயிறு ரொம்பியிருக்குதுன்னு அர்த்தம்."

பொட்டு கலைந்துவிடக் கூடாதே என்று, அதன்மேல் பயபக்தியோடு இரண்டு சொட்டு விட்டுவிட்டு வருகிற ஆள் இவர். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு!

வீட்டுக்காரம்மாவோ சத்தம் ஏற ஏறப் பொட்டையும் ஏற்றிக்கொண்டே போனார். கூடவே விபூதி, அட்சதை. கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை கற்பூரம் காட்டி, எங்களுக்கும் குங்குமம் கொடுத்துவிட்டு, சுத்தமான தமிழில் சொன்னார். "வர்ற அமாவாசைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணிடுங்க. என்னால தூங்க முடியல."

எனக்கோ வயிற்றில் தலைச்சன் பிள்ளை. அன்றைக்கே வேறு வீடு தேடிப் போன இடத்திலெல்லாம், "அந்தக் கத்தற மிஷின் வீடா?" என்று கதவை அடைத்தார்கள். பிரசவ நேரத்தில் எங்கே போய் நிற்பது? பயத்தில் பாத்திரங்களைக் கூட மூட்டை கட்டிவிட்டேன்.

மறுநாள் இவர் மிதிக்க, அது அலற, எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பொட்டாவது புண்ணாக்காவது என்று கொண்டை ஊசியை உருவி அந்தக் குழிக்குள் விட்டு ஒரு குடை குடைந்தேன். சிவப்பாக, எண்ணெயோடு குழம்பாக வந்தது.

"ஐயோ, ரத்தம்டி!" என்று இவர் மிதியிலிருந்து குதித்துவிட்டார்.

"ரத்தமா? மோந்து பாருங்க. மஞ்சவாசனை வருது."

குழி இருந்த தலைப்பாகத்தையே கழற்றினார். உள்ளே மஞ்சள், குங்குமம், அரிசி எல்லாம் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. எண்ணெய் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. இரும்பும் இரும்பும் வெறுமனே தேய்ந்து அலறியிருக்கிறது. சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, விளக்கெண்ணெய் விட்டு மிதித்தார். மாவு சலிக்கிற சத்தம்தான் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் இவரை நாலு வார்த்தை திட்டினேன்.

சந்தோஷம் பாதி நாள்கூட நிலைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் தாம்பாளமும் வருமே! 'உங்க குங்குமத்தாலதான் கத்துச்சு' என்று யார் சொல்வது? சொன்னால் அமாவாசைவரை பொறுப்பாரா, அன்றைக்கே சாமான் தெருவில்தான். இவர் ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய், ஒரு துண்டு மரத்தை எடுத்து உருண்டையாக, வழவழவென்று ஒரு குமிழ் கடைந்தார். அதை மிஷினின் முன்பக்கம் ஆணியடித்தார். குழிக்குத் தகரத்தில் மூடி போட்டார். பேசுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் மரத்தூள் குவியலுக்குப் பின்னால் போய் எதையோ தேடினார்.

"அம்மா, ஒரு விஷயம்" என்றேன். "மிஷினுக்கு நெத்தி இந்தக் குமிழ்தானாம்."

"அப்ப நான் இத்தனை நாளா வெச்சது?"

"அது தொப்புளும்மா."

வீட்டுக்காரம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார். "தேவரே!" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். மிஷினின் முன்னால் விழுந்து கும்பிட்டார். எழுந்து என்னைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

"தொப்புள்ல போய்க் குங்குமத்த அப்பினா எந்தப் பொம்பளைதான் கத்தாம இருப்பா? நான் பண்ணின கூத்துக்கு, வயித்துப் புள்ளைக்காரி உன்னை வெளிய போகச் சொன்னேனே. நீ எங்கேயும் போகாதே, கண்ணு. பிரசவத்துக்கு நான் இருக்கேன்."

அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே ஓடிப்போய்ப் பாத்திர மூட்டையை அவிழ்த்தேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்காரம்மா சமையல்கட்டு வாசல்வரை வந்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு தையல் மிஷின் இருக்குது. கல்யாணமான நாளிலேருந்து அதுக்குப் பொட்டு வெக்கிறேன். எங்கே வெச்சுட்டிருக்கேன்னு உங்க வீட்டுக்காரர ஒரு தடவை வந்து பாக்கச் சொல்றியா?"