இரண்டு தரம் சொன்னால் சிறிதாகும்

ரைன் ஆற்றில் ஓடும் உல்லாசக் கப்பல் ஒன்றில் இரண்டு பருவம் கோப்பை கழுவினேன். எங்கள் அறை அடித்தட்டில் இருந்தது. யன்னல் இல்லை. மேல் கட்டில் எனக்கு, கீழ்க் கட்டில் பிலிப்பைன்ஸில் செபு தீவிலிருந்து வந்த ஒருவனுக்கு. இருவருக்கும் தெரிந்த ஜெர்மன் அரைகுறை என்பதால் மிச்சத்துக்கு அவன் தன் மொழியையே பேசுவான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இலக்கணம் தெரியாது. ஆனால் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கிய நாள் முதல் இடம் மாறி மாறி வேலை செய்ததில், கேட்கும் சொற்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது.

முதலில் பிடித்தது 'ஹினாய் ஹினாய்'. கழுவிய தட்டுகளைக் கோபுரமாகத் தூக்கிக்கொண்டு நான் படியேறும்போது கீழே இருந்து அப்படிக் கத்துவான். ஹினாய் என்றால் மெதுவு. நம்முடைய 'மெல்ல மெல்ல' போல என்று எடுத்துக்கொண்டேன். அது சரியாகவும் இருந்தது. சூரியனுக்கும் பகலுக்கும் அவர்களிடம் ஒரே சொல், அட்லாவ். இரட்டித்தால் தினமும். அதுவும் பொருந்தியது. பிறகுதான் வழுக்கியது. பலாய் என்றால் வீடு. அப்படியானால் 'பலாய் பலாய்' வீடு வீடாகத்தானே என்று கேட்டேன். அவன் கட்டிலில் புரண்டு சிரித்தான். குழந்தைகள் விளையாடக் கட்டும் சின்ன வீடாம் அது.

தமிழில் ஒன்றை இரண்டு தரம் சொன்னால் பெரும்பாலும் கூடும். பெரிய பெரிய, ஓடி ஓடி, அழுது அழுது. அவனுடைய மொழியில் பல சொற்கள் இரட்டித்ததும் இளகிவிடும். லகாவ் என்பது நடை, லகாவ் லகாவ் சும்மா ஓர் உலாத்து. இனோம் என்பது குடிப்பது, இனோம் இனோம் நண்பர்களோடு ஒரு வாய். இன்னொரு வித்தையும் இருந்தது. ஒரு வேரை எடுத்து முன்னும் பின்னும் ஒட்டுவார்கள், சில நேரம் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே செருகுவார்கள். காஓன் என்றால் உண். அதிலிருந்து கன்ஓன், அதாவது சோறு. அதிலிருந்தே கன்அனான், உண்ணும் இடம். கமோட் என்றால் கை. நடுவில் ஒரு 'இன்' போட்டால் கினமோட், கையால் உண்பது. ஒரு வேர் தெரிந்தால் ஒரு குடும்பமே வாசலுக்கு வந்துவிடும். தட்டு கழுவிய அத்தனை மணி நேரமும் இதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

முழங்கால் போனதும் கப்பலை விட்டேன். இப்போது வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்கிற அக்கா மன்னார்க்காரி, ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

போன மாரியில் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தட்டு தினமும் அப்படியே திரும்பி வந்தது.

"பாருங்கோ தம்பி, கிழங்கில கத்திகூடப் படேல்லை," என்றார் அக்கா. "அந்தப் பிலிப்பைன் அம்மான்ர தட்டு."

அந்த அம்மா இளம் வயதில் தாதியாக ஜெர்மனிக்கு வந்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மறதி நோயில் முதலில் போனது ஜெர்மன் மொழி. வீட்டு மொழி மட்டும் மிஞ்சியிருந்தது, அது அங்கே யாருக்கும் விளங்கவில்லை. எடை வேகமாக இறங்கியது. வெள்ளிக்கிழமை டொக்டரும், நீதிமன்றம் நியமித்த சட்டப் பொறுப்பாளரும் வருவதற்கு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், போட்டிருந்தார்கள். வயிற்றில் குழாய் வைப்பதா என்று முடிவெடுக்க. "குழாய் வைத்தபின் வாயால் சாப்பிடத் திரும்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை," என்றார் மாடிக்குப் பொறுப்பான தலைமைத் தாதி.

திங்கட்கிழமை தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த அறையைக் கடந்தேன். பராமரிப்பாளர் ஒருவர் கரண்டியை நீட்டியபடி நின்றார். அம்மா, "அயாவ்!" என்றார். கப்பலில் சூடான சட்டியில் நான் கை வைக்கப் போனபோதெல்லாம் கேட்ட சொல் அது. வேண்டாம், தொடாதே.

வாசலில் நின்று, "காஓன் காஓன்," என்றேன். கொஞ்சம் போலச் சாப்பிடுங்கோ என்ற நினைப்பில்.

அம்மா திரும்பி என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு கொட்டித் தீர்த்தார். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: கன்ஓன். சோறு.

தலைமைத் தாதியிடம் சொன்னேன். வெள்ளி வரை முயன்று பாருங்கள் என்றார். அக்கா பாஸ்மதி எடுத்தார். "நான் வடிச்சா ஒரு பருக்கை மற்றதில முட்டாது. உண்ணாம என்ன செய்வா, பாப்பம்!" செவ்வாய் மதியம் உதிரி உதிரியாகச் சோறும் பருப்பும் மேலே போயின. அம்மா கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் எடுத்தார். சோறு விரலிடுக்கால் மடியில் கொட்டியது. மறுபடி எடுத்தார், மறுபடி கொட்டியது. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களுக்கு எது பெருமையோ அதுவே அவருக்கு உண்ண ஏலாத சோறாக இருந்தது.

அன்று பின்னேரம் கப்பல் நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "உதிர்கிற சோற்றைக் கோழிக்குப் போடு," என்றான். "குட்டை அரிசி. வடிக்காதே. தண்ணீர் ஒரு விரல் கணு உயரம். கூட மீன், கொஞ்சம் வினாகிரி." பிறகு கேட்டான்: "அவரோடு யார் உண்கிறார்கள்?"

"ஒருவரும் இல்லை. பக்கத்தில் ஒருவர் நிற்பார்."

"நிற்கிற ஆளை வைத்துக்கொண்டு எங்கள் பெண் எப்படிச் சாப்பிடுவாள்?" என்றான்.

குட்டை அரிசி என்றால் இங்கே சுப்பர்மார்க்கெட்டில் பால்சோற்றுக்கு விற்கும் அரிசிதான். அக்கா பக்கற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது களி மாதிரி வரப் போகுது. ஆரும் கேட்டா நான் சமைக்கேல்லை எண்டு சொல்லுவன்."

"ஓம் அக்கா, நான்தான் குழைச்சது எண்டு சொல்லுங்கோ."

புதன் அம்மாவுக்குக் காய்ச்சல். வியாழன் மதியம்தான் அந்தச் சோற்றைக் கொண்டுபோக முடிந்தது. வெந்நீரில் அவர் கையைக் கழுவித் துடைத்தேன். இரண்டு தட்டுகள் வைத்து எதிரே உட்கார்ந்தேன். சமையலறை ஆட்கள் குடியிருப்போர் மேசையில் உட்காரக் கூடாது என்பது இல்லத்து விதி. வாசலில் தலைமைத் தாதி நின்றார்.

"கையுறையாவது போடுங்கள்."

"கையுறையோடு சாப்பிட முடியாது."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்று மட்டும்," என்றார்.

நான் நம் வழக்கப்படி நன்றாகப் பிசைந்தேன். அம்மா நாக்கால் 'ச்சு' என்றார். தன் தட்டின் ஓரத்தில் சோற்றை விரல் நுனியால் அழுத்தி, மீனைச் சேர்த்து, பெருவிரலால் வாய்க்குள் தள்ளிக் காட்டினார். இப்படித்தான், முட்டாளே என்பது போல. பிறகு இன்னொன்று. நான் எண்ணினேன். ஒன்பது கவளம். "லமி," என்றார் ஒரு தரம். ருசி.

கீழே வந்து சொன்னபோது அக்கா கையைக் கூப்பி மாதாவுக்கு நன்றி சொன்னார். "அந்தக் களியையோ திண்டவ?" என்று உடனே கேட்டார்.

வெள்ளிக்கிழமை தலைமைத் தாதி தானாகவே பத்து மணி டெர்மினைப் பன்னிரண்டுக்கு மாற்றியிருந்தார். டொக்டரும் பொறுப்பாளரும் கோப்போடு, தலைமைத் தாதியுடன் வந்து வாசலில் நின்றபோது அம்மாவும் நானும் சாப்பாட்டில் இருந்தோம். அம்மா தலை நிமிர்ந்து, "மங்காஓன் தா!" என்றார். காஓன் என்ற வேரின் முன்னால் 'மங்' சேர்ந்தால் பலர் உண்பது. எல்லாரும் சாப்பிடுவோம் வாருங்கள் என்று அழைப்பு. அவர்கள் வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் வாசலைக் கடக்கிற யாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள். அதை ஜெர்மனில் சொன்னேன். டொக்டர் சிரித்துத் தலையாட்டிவிட்டு நின்றபடியே கோப்பைப் பிரித்தார்.

அம்மாவின் கை தட்டில் நின்றுவிட்டது. மறுபடி கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. அவர் தட்டை மெல்லத் தள்ளத் தொடங்கினார்.

தலைமைத் தாதிதான் முதலில் கதிரையை இழுத்தார். "உட்காருங்கள், டொக்டர். எல்லாரும்." கை கழுவிவிட்டு வந்து, என் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தார். பாதி அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. டொக்டரும் கோப்பைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார், பொறுப்பாளரும் உட்கார்ந்தார். அம்மா நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தட்டில் பாதி முடியும்வரை டொக்டர் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: குழாய் இப்போது வேண்டாம், நான்கு வாரத்தில் எடை நிறுத்துப் பார்க்கலாம். அந்த நான்கு வாரத்துக்கு உத்தரவாதம் யாரும் தரவில்லை.

பின்னேரம் பராமரிப்புத் தாளின் பிரதி ஒன்று சமையலறைக்கு வந்தது. 'கையால் உண்பவர். எப்போதும் ஒருவர் கூட இருந்து உண்ண வேண்டும்.' பொறுப்பு என்ற கட்டத்தில், சமையலறை என்று எழுதியிருந்தது. அக்கா அதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப சனிக்கிழமை நீங்கள் லீவெல்லோ, நான்தானே போகோணும்? எனக்கு அந்தப் பாஷை ஒண்டும் தெரியாது தம்பி."

"இருந்து சாப்பிட்டாச் சரி அக்கா."

"அந்தச் சோத்தையோ?" என்றார் அக்கா. ஆனால் அரிசிப் பக்கற்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கத் தொடங்கியிருந்தார்.