புதுப்பட்டியில் கியர்பாக்ஸ் ஏறிய ஞாயிறு

போன மாதம் விருதுநகர் புறவழிச்சாலையில் நாங்கள் வந்த பேருந்து டயர் பஞ்சராகி நின்றது. எல்லோரும் இறங்கி நிழல் தேடினோம். பக்கத்தில் ஒரு லாரிப் பட்டறை. அங்கே பழைய கியர் ஆயிலைத் தகர டப்பாவில் வடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் முகம் தானாக மலர்ந்துவிட்டது. கியர் ஆயில் வாடை தெரியுமா உங்களுக்கு? பூண்டும் ரப்பரும் சேர்ந்து கருகியது மாதிரி இருக்கும். அதில் கந்தகம் உண்டு என்பார்கள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து அறைப் பக்கமிருந்து காற்று அடித்தால் இதன் பங்காளி வாடைதான் வரும். பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நாற்றத்துக்குச் சிரிக்கிறவளை வேறு எப்படிப் பார்ப்பது?

எனக்கு ஊர் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் அங்கே ஒரு கம்பெனியில் வெடிக்குக் குழாய் சுருட்டினேன். இரும்புக் கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, பலகையில் உருட்டி, கம்பியை உருவி எடுக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு குழாயைத் தொட்டால் அது சரியான கனமா, ஒரு சுற்று கூடவா குறையவா என்று விரலே சொல்லிவிடும். சமையலில் எனக்கு இந்தக் கைப்பக்குவம் வரவில்லை என்பது என் மாமியாரின் நிரந்தர வருத்தம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் பத்து வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டிவிட்டு, அப்போதுதான் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கியிருந்தார். முதல் தீபாவளி சீசன். ஒரு பட்டாசுக் கம்பெனி, எங்கள் வண்டிக்குச் சீசன் முழுக்க லோடு தருவதாகச் சொல்லியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் வண்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வரிசையில் காத்திருக்கும் வேறு வண்டிக்கு அந்த வேலை போய்விடும்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை விருதுநகரில் மிளகாய் வற்றல் இறக்கிவிட்டு வரும்போது, ஊருக்குள் நுழைகிற வளைவில் கியர்பாக்ஸுக்குள் அம்மியை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அத்தோடு சரி. வீட்டு வாசல் வரைக்கும் டிராக்டர் கட்டித்தான் இழுத்து வந்தோம். சிவகாசிப் பட்டறைகளில் எல்லாம் சீசனுக்குத் தயாராகும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பத்து நாளுக்கு யாரும் கை வைக்க மாட்டார்களாம். இவர் மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் நல்ல கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"வீட்லயே மாட்டிருவோம் புள்ள," என்றார். ஏதோ வாசலில் தோரணம் மாட்டுகிற மாதிரி.

இவருடைய கூட்டாளி செல்வம் அண்ணன் ஒரு பட்டறையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்தார். மத்தியானம் அவருடைய அக்கா மகனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் அவர்தான், போயே ஆக வேண்டும். சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, பழைய பெட்டியை இறக்கி, புதுக் கிளட்ச் பிளேட்டும் மாட்டினார்கள். கேபின் தரைத் தகட்டைக் கழற்றி, குறுக்கே ஒரு இரும்புப் பைப்பைப் போட்டு, அதன் மேலே கயிறு விட்டுக் கியர்பாக்ஸைத் தூக்கினார்கள். இஞ்சினோடு சேர இரண்டு விரல் இடைவெளி இருக்கிற வரைக்கும் ஏறியது. அதற்கு மேல் நகரவில்லை. மூன்று தடவை இறக்கி ஏற்றியும் அதே இரண்டு விரல்.

செல்வம் அண்ணன் வியர்வையோடு வெளியே வந்தார். "கிளட்ச் பிளேட்டு நடுவுல உக்காரல. கண்ணு மதிப்புல வச்சது, ஒரு நூல் தள்ளி நிக்குது. நடு பாத்து வைக்க டம்மி சாப்டுன்னு ஒண்ணு இருக்கு. அதை நேத்துத்தான் ஒருத்தன் வாங்கிட்டுப் போனான். போல்ட்ட முறுக்கி மட்டும் இழுத்துராதீக, பெட்டியோட காது ஒடைஞ்சு போகும். நான் செவ்வாக்கெளம சாயங்காலம் வாரேன்."

செவ்வாய் சாயங்காலம் வந்து என்ன செய்வது? அவரையும் குறை சொல்ல முடியாது. மொய்ப்பையும் சீர்த்தட்டும் வண்டியில் கட்டி வைத்துவிட்டுத்தான் எங்களுக்காக வந்திருந்தார்.

அவர் போனபிறகு இவர் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷம் பேசிப்பேசி வாங்கிய லாரி. நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. உட்கார்ந்திருக்கும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதுதான் காரணம். பிளேட்டின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். அதற்குப் பின்னால், இஞ்சினில், இன்னொரு சின்ன ஓட்டை. கியர்பாக்ஸின் மூக்குக் கம்பி இரண்டுக்குள்ளும் நேராகப் போக வேண்டும். விரலால் தடவத் தடவ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று பெரிய குழாய், ஒன்று சின்னக் குழாய். இவ்வளவுதானா?

"ஏங்க, டம்மிய நான் சுருட்டித் தாரேன்."

"என்னது? வெடிக் கொழாய வச்சு லாரிய ஓட்டப் போறியா?"

"ஓட்ட வேணாம். நடு பாக்கத்தானே? கெட்டியா இருந்தாப் பத்தாதா?"

தரையில் கிடந்த கியர்பாக்ஸின் மூக்கை நூலால் சுற்றி அளந்தேன். முனைக்கு ஓர் அளவு, உடம்புக்கு ஓர் அளவு. எதிர்வீட்டு மதினியிடம் குழாய்க்கம்பியும் பழுப்புக் காகிதமும் வாங்கி, மைதாப் பசை காய்ச்சி உட்கார்ந்தேன். நீளவாக்கில் முழுக்கச் சுற்றி முனையின் அளவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு முனையை மட்டும் விட்டுவிட்டு மீதியில் மேலும் சுற்று. முதலில் சுருட்டியது பருமனாகிவிட்டது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் கையும் என்னைப் போலவே கொஞ்சம் தடித்திருந்தது போல. இரண்டு சுற்றை உரித்துவிட்டு மறுபடி உருட்டினேன். கம்பியை உள்ளேயே விட்டு வெயிலில் வைத்தேன். எங்கள் ஊர் வெயிலை நாங்கள் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு மட்டும் கும்பிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் கட்டையாகக் காய்ந்துவிட்டது.

பிளேட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி அந்தக் குழாயைச் செருகினோம். முனை இஞ்சின் ஓட்டையில் போய்ச் சிக்கென்று உட்கார்ந்தது. போல்ட்டுகளை இறுக்கிவிட்டுக் குழாயை உருவினால், பானையிலிருந்து அகப்பையை எடுக்கிற மாதிரி உரசாமல் வந்தது. இவர் என்னைப் பார்த்தார். பாராட்டெல்லாம் அவருக்கு வராது. "ஆள் கூப்பிடு," என்றார்.

கம்பெனி விடுமுறை நாள். ஆம்பளைகள் பாதிப்பேர் வெளியூர் லோடில் இருந்தார்கள். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் மதினிதான் குரல் கொடுத்தார். தீப்பெட்டி ஆபீஸில் மரக்கட்டை தூக்கி அடுக்குகிறவர்; குரலும் தோளும் அதற்குத் தகுந்த மாதிரி. தலையைக்கூட முடியாமல் ஆறு பெண்கள் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். இவர் கியர்பாக்ஸைத் தாங்கியபடி அடியில் மல்லாந்திருந்தார். நான் அதன் வால் பக்கம் படுத்து, பல்லோடு பல் சேர மெல்லத் திருப்பிக்கொடுக்க வேண்டும்.

"இழுங்க... இன்னும் கொஞ்சம்... நிப்பாட்டு!"

அப்போது பார்த்து, சிந்திக்கிடந்த ஆயிலில் ஒருத்தியின் கால் வழுக்கியது. அவள் விழ, அடுத்தவள் தடுமாற, கயிறு சர்ரென்று ஓடியது. கியர்பாக்ஸ் ஒரு சாண் கீழே இறங்கி, இவர் நெஞ்சுக்கு மேலே வந்து ஆடியது. அப்புறம் அது அசையவில்லை. என்ன ஆனது என்று சக்கரங்களின் இடைவெளியில் எட்டிப் பார்த்தால், பேச்சியம்மாள் மதினி கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை உதைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் உக்காந்துட்டேன்லே. நீங்க மாட்டி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அண்ணே, உசுரோட இருக்கீகளா?"

"இருக்கேன் தாயி. இழுங்க."

மறுபடி இழுத்தார்கள். நான் வாலைத் திருப்பினேன். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். திடீரென்று கைக்குள் ஏதோ வழுக்கி உள்ளே போனது. 'டொக்'. அந்த இரண்டு விரல் இடைவெளி மறைந்துவிட்டது. எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு கியர்பாக்ஸ் இருந்ததால், நான் அழுததை அவரும் அவர் அழுததை நானும் பார்க்கவில்லை என்றே இன்றுவரை வைத்திருக்கிறோம்.

பொழுது சாயும்முன் மற்றதெல்லாம் மாட்டி ஆயில் ஊற்றியாகிவிட்டது. கயிறு பிடித்த ஆறு பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய் வந்தோம். ஒவ்வொரு கியர் விழும்போதும் பின்னாலிருந்து குலவை. கோயில் சப்பரத்துக்குக்கூட அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி கேட்டில் நின்றது. விஷயம் அதற்குள் அங்கேயும் எட்டியிருந்தது. "வீட்லயேவா மாட்டுனீக? மெக்கானிக் யாரு?" என்று மேனேஜர் கேட்டாராம். "எங்க வீட்டம்மா," என்றாராம் இவர். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கூடப் போன லோடுமேன் வந்து சொன்னார். அன்றைக்கு மத்தியானம் குழம்பில் உப்புப் போட மறந்துபோனேன்.

செல்வம் அண்ணன் சொன்னபடியே சாயங்காலம் வந்தார். குழாயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, இதை நான் எடுத்துக்கிரட்டா?" என்று கேட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அடுத்த வாரம் வேறு இரண்டு வண்டிகளின் அளவை நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தனுப்பினார். அதையும் சுருட்டிக் கொடுத்தேன். ஒருமுறை அந்தப் பட்டறைக்குப் போயிருந்தபோது, ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் என் குழாய்கள் ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றிலும் 'புதுப்பட்டி தங்கச்சி' என்று பேனாவால் எழுதியிருந்தார். வேறு சாமானோடு கலந்துவிடக் கூடாதாம்.

லாரி ஏழு தீபாவளி பார்த்தது. பிறகு காரியாபட்டிக்காரர் ஒருவர் வாங்கிப்போனார். இப்போது அது எங்கே எந்த இரும்போடு இரும்பாக உருகியதோ. பேச்சியம்மாள் மதினி மகனோடு திருப்பூர் போய்விட்டார். சாலையை அகலப்படுத்தியபோது செல்வம் அண்ணனின் பட்டறையும் போயிற்று. அந்த ஆணியும் அதில் தொங்கியவையும் எந்த இடிபாட்டோடு போயினவோ, நான் கேட்கவில்லை. கம்பெனியில் ஐந்து வருஷம் நான் சுருட்டிய குழாய்களெல்லாம் யார் யார் வாசலிலோ வெடித்துச் சிதறின. அவற்றைச் சுருட்டியவள் யாரென்று எவருக்கும் தெரியாது. என் கைவேலையில் என்னைக் குறித்து எழுதியிருந்தது அந்த மூன்றில் மட்டும்தான்.